அச்சில் வராத பதில்

பள்ளிப் பத்திரிகைப் போட்டியின் முடிவோடு நடுவர்களின் குறிப்பும் வந்திருந்தது. "நல்ல செய்திக் கட்டுரை. ஆனால் தலைமையாசிரியரின் விளக்கத்தைக் கேட்கவே இல்லை. ஆறுதல் பரிசு."

வகுப்பே 'வாலு' என்று கூப்பிடும் அந்தப் பதினொன்றாம் வகுப்பு மாணவிக்கு, அதை எழுதியவள் என்பதால், பொறுக்கவில்லை. ஆய்வகம் ஏன் நான்கு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்க, தலைமையாசிரியரின் அறை வாசலில் மூன்று நாள் தவம் கிடந்தவள் அவள். "சாவிய எங்க வச்சேன்னு தெரியலம்மா" என்று அவரும் சொல்லியிருந்தார். பெரியவருக்கு மனவருத்தம் வேண்டாமென்று, அந்த வரியைப் பத்திரிகைப் பொறுப்பாசிரியர் அச்சுக்குப் போகும்முன் வெட்டிவிட்டார். அச்சில் வந்ததை மட்டுமே போட்டிக்கு அனுப்பலாம் என்பது விதி.

அதே உறைக்குள் பொறுப்பாசிரியருக்கும் ஒரு கடிதம் இருந்தது. சிறந்த வழிகாட்டி ஆசிரியர் விருது அவருக்கு.

"வாலு, அடுத்த இதழ்ல என் விருதைப் பத்தி நீதான் எழுதணும். முதல் பக்கம்!" என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக.

"எழுதறேன் சார். ஒரே ஒரு கேள்வி." அவள் குறிப்பேட்டைத் திறந்தாள். "அந்த வரிய ஏன் சார் எடுத்தீங்க?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "முடிஞ்சுபோன கதைய ஏம்மா கிளறுற? ஐயையோ, இதையும் எழுதிக்கிறியா?"

"விளக்கம் கேட்கலன்னு இன்னொரு தடவ என்னால பேர் வாங்க முடியாது சார்."

இதையும் வெட்டப்போகிறவர் அவர்தான் என்று தெரிந்தும், அவள் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள்.