ஆறு பெட்டிகளும் ஒரு அலமாரிச் சாவியும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஸ்பிரிங் பட்டறையின் மாடியில் இருந்தது அந்த சாஃப்ட்வேர் கம்பெனி. கீழே சுத்தியல் விழுந்தால் மேலே கம்ப்யூட்டர் ஒரு முழம் குதிக்கும். தர மேலாளர் உத்தமன் சுவரில் ஒட்டிய சார்ட், கழிவறை வாசலில் தொடங்கி மாடிப்படியில் போய் முடியும். அதில், ஒரு புரோகிராமைத் திருத்தும் வேலையை வரிசைப்படுத்தி ஆறு பெட்டிகள். பெட்டிக்கு ஒரு ஃபாரம். திருத்துபவர் ஒருவர், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் வேறொருவர். இம்மி பிசகக் கூடாது.

தொண்ணூற்றாறு ஆகஸ்டில் ஒரு நாள், தரச் சான்றிதழுக்கான ஆய்வு. கிடைத்தால் ஜெர்மனி வேலை வரும். கிடைக்காவிட்டால் பதினாறு பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான். ஆய்வாளர் வரலட்சுமி இரண்டாம் பெட்டியை நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கும் சார்ட்டுக்குமாக உத்தமன் நடந்த நடைக்குத் திருவள்ளூரே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

பத்தரைக்கு, இவர்களிடம் கேட் பாஸ் புரோகிராம் வாங்கிய ஆவடி பம்பு கம்பெனியிலிருந்து போன். கேட் பாஸில் லாரி எண்ணின் கடைசி இலக்கம் அச்சாகவில்லை. வாட்ச்மேன் ஒரு லாரியையும் வெளியே விடவில்லை. வரிசை பூந்தமல்லியைத் தொட்டுவிட்டதாம்.

போனை வைத்த உத்தமன் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தான். நேற்று சாயங்காலம், ஆய்வை நினைத்துக் கை சும்மா இருக்க மாட்டாமல், கேட் பாஸ் அழகாக வரட்டுமே என்று லாரி எண் வரும் இடத்தை ஒரு எழுத்து குறுக்கி, ஃபிளாப்பியை ஆவடிக்கு அனுப்பியது அவன்தான். ஃபாரமும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

திருத்தும் வேலை பார்க்கும் நஜீர் புரோகிராமைத் திறந்ததும் குரலைத் தாழ்த்தினான். "இன்னா நைனா, கடசியா மாத்துனதுன்னு உன் பேரு கீது?"

"மெதுவா பேசு மாமே!"

"அந்தப் பேர தூக்கிட்டா எவனுக்குத் தெரியும்? சொல்லு, தூக்கிர்றேன்."

உத்தமன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுபடி ஜன்னலுக்குப் போனான். நஜீர் தானாகவே பேரைத் தூக்கி, வரியைச் சரிசெய்து, அச்செடுத்துக் கொடுத்துவிட்டான்.

நாலாவது பெட்டிப்படி அதைச் சரிபார்க்க வேண்டியவள் நாகவல்லி. பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்து, வரிவரியாக ஸ்கேலை நகர்த்துவாள். நடுவில் எறும்பு ஊர்ந்தாலும் ஸ்கேல் நிற்கும். நின்றது.

"நேத்து காலைல எடுத்த தாள்லயும் இது சரியாத்தானே கீது? அப்போ நடுவுல கெடுத்தது யாரு? ஃபாரம் எங்க?"

நஜீர் ஃபேனைப் பார்த்தான். வரலட்சுமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நஜீரைப் பார்த்தார். "நீங்களா?"

உத்தமன் ஜன்னலை விட்டு முன்னால் வந்தான். "நான்தான் மேடம். பேரை எடுத்தப்போ பார்த்துக்கிட்டு நின்னதும் நான்தான்."

"சார்ட் போட்டவரே நீங்கதானே?"

"ஆமா."

"எந்தப் பெட்டியில மாட்டினீங்க?"

"நாலாவதுல."

"அப்போ சார்ட் நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார் வரலட்சுமி. "நீங்கதான் செய்யல. சான்றிதழ் இன்னைக்கு இல்ல. ஒரு மாசம் கழிச்சு வரேன். அதுவரைக்கும் ஃபிளாப்பி அலமாரிச் சாவி உங்ககிட்ட இருக்கக் கூடாது."

திருத்திய ஃபிளாப்பி ஆவடிக்குக் கிளம்பியது. சாவி நாகவல்லியின் கைப்பைக்குள் போனது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உத்தமனின் விரல்கள் மேசையில் தாளம் போட்டன.

"நாகவல்லி, அந்த ஜெர்மனி புரோகிராம்ல ஒரே ஒரு வரி..."

அவள் தலையைத் தூக்கவில்லை.

"மொதல் பெட்டிலேர்ந்து வாங்க சார். கக்கூஸாண்ட ஆரம்பிக்குது."