குடிக்காத சோபோ

ஒஷோக்போ நகரில் ஞாயிறு பள்ளி நடத்திவந்த இபிரோன்கே, கைபேசி வழியாக ஒரு வகுப்பில் சேர்ந்திருந்தாள். பல மதங்களும் இன்றைய வாழ்க்கையும் பற்றிய பாடம். நைரோபியிலிருந்து ஞோகாபி என்ற ஆசிரியை நடத்தினார். நான்காம் வாரம் அவர் ஒரு வேலை கொடுத்தார்: உங்களுடையதல்லாத ஒரு வழிபாட்டு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வந்து எழுதுங்கள்.

தெருமுனையிலேயே மசூதி. இபிரோன்கே இரண்டு முறை வாசல்வரை போனாள். இரண்டு முறையும் எதிரே தேவாலயப் பாடகர் குழுப் பெண்கள் வண்டிக்காக நின்றிருந்தார்கள். கேட்காமலேயே அவர்களிடம் "தக்காளி வாங்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

பிறகு வீட்டிலிருந்தபடியே, போய்வந்ததாக எழுதினாள். மசூதியில் பெண்களுக்குப் பாடம் சொல்லும் துணிக்கடை சிகிராத், ஹஜ் போய்வந்ததால் எல்லாரும் அல்ஹாஜா என்று அழைப்பவர், தன் கையைப் பிடித்து உட்கார வைத்தாராம். நடுப்பகல் வெயிலுக்கு செம்பருத்தி வகைப் பூவில் இஞ்சி போட்டுக் காய்ச்சிய சோபோ சாறு ஊற்றித் தந்து தானும் குடித்தாராம். 'நாம எல்லாரும் ஒரே கிணத்துல தண்ணி எடுக்கிறவங்க' என்றாராம். தொண்ணூற்றிரண்டு மதிப்பெண் வந்தது.

அடுத்த வாரம் ஆசிரியை அதை வகுப்பில் வாசித்தார்.

"இன்னொரு சந்தோஷம். மசூதி மூலமா நான் கேட்டுக்கிட்டதால இந்த அல்ஹாஜாவும் இன்னைக்கு நம்ம வகுப்புல சேர்ந்திருக்காங்க" என்றார்.

திரையின் மூலைக் கட்டத்தில் சிகிராத்தின் முகம். அவரிடம் படிக்கும் பெண்கள் இரண்டு பேர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கானோ ஊரிலிருந்து வகுப்பில் சேர்ந்திருந்த ஒருவர் கேட்டார். "ஒரு சந்தேகம். போன வாரமும் ரமலான் நோன்புதானே? அல்ஹாஜா பகல்ல குடிச்சாங்களா?"

இப்போதே சொல்லிவிடலாம். இபிரோன்கேயின் விரல் ஒலிவாங்கிப் பொத்தான்வரை போய் அங்கேயே நின்றது.

"அன்னைக்கு எனக்கு உடம்பு சரியில்ல. நோன்பை விட்டுட்டேன்" என்றார் சிகிராத். "அவ வந்தது உண்மைதான்."

மறுநாள் காலை இபிரோன்கே கடைக்குப் போனபோது சிகிராத் துணி அளந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

"வா, டோலு அம்மா" என்று பிள்ளை பெயரால் அழைத்தார். "சோபோ ஊத்தவா?"

"மன்னிச்சுடுங்க, அல்ஹாஜா."

"அதென்ன கிணறு? எங்க வீட்டுல போர் போட்டு இருபது வருஷமாச்சு."

இபிரோன்கே தரையைப் பார்த்தாள். "என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே."

"அத்தனை நாட்டு ஆளுங்க முன்னாடி எங்க தெருக்காரியை எப்படி விட்டுக் கொடுக்கிறது? வாய் முந்திக்கிச்சு. நோன்போட பொய் சொல்லிட்டேன்." கத்தரி நின்றது. "ஒரு நாள்கூட நான் விடலை. இப்போ என்கிட்ட படிக்கிற பொண்ணுங்க, 'உடம்புக்கு என்ன, ஏன் எங்ககிட்ட மறைச்சீங்க'னு துளைக்கிறாங்க. ஒருத்தி கஞ்சி காய்ச்சிக் கொண்டாந்துட்டா."

"நான் வந்து சொல்லட்டுமா?"

"நான் கூப்பிட மாட்டேன். உனக்குக் கால் இருக்கு."

அன்று மாலைப் பாடத்துக்கு முன் இபிரோன்கே தலையில் துணி சுற்றிக்கொண்டு போனாள். எதிரே அதே பெண்கள். ஒருத்தி சிரித்தாள். "என்னக்கா, இன்னைக்கும் தக்காளியா?"

"இல்ல. மசூதிக்குள்ள போறேன்."

உள்ளே பதினைந்து பெண்கள் இருந்தார்கள். இபிரோன்கே நின்றபடியே சொன்னாள். "அல்ஹாஜா ஒரு நோன்பும் விடலை. நான் இங்க வந்ததே இல்ல. எல்லாம் என் கைச்சரக்கு. என் மானத்தைக் காப்பாத்த அவங்க தன் பேரைக் கெடுத்துக்கிட்டாங்க."

கஞ்சி கொண்டுவந்தவள் கேட்டாள். "நீ எழுதினதுக்கு எவ்வளவு மார்க்கு போட்டாங்க?"

"தொண்ணூத்திரண்டு."

அந்த எண்ணைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. சிகிராத் முகத்தில் எதுவும் காட்டாமல் புத்தகத்தைத் திறந்தார். "உக்காரு" என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் பாடம் நடந்தது.

அடுத்த கைபேசி வகுப்பில் இபிரோன்கே திரையில் முகத்தைக் காட்டியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆசிரியை, மதிப்பெண்ணை எடுத்துவிடுவதாகவும் வெள்ளிக்கிழமைக்குள் திரும்ப எழுதித் தரும்படியும் சொன்னார்.

இபிரோன்கே அரைப் பக்கம்தான் எழுதினாள். பச்சைக் கம்பளம், அதில் முன்வரிசைப் பெண்களின் குதிகால்கள், மின்விசிறிச் சத்தம், யாரோ ஒருத்தியின் இருமல். தலை நிமிராமலே இருந்ததால் வேறெதையும் பார்க்கவில்லை என்று கடைசியில் சேர்த்து அனுப்பினாள்.