எட்டாவது அடி

"நர்ஸ் வீட்டு வாசல்லதான் நிக்கணுமா? பாட்டு வேற எங்கயும் மூச்சு விடாதா?"

தையல்காரர் மனைவியின் குரலைக் கேட்க மூன்றாம் மாடியில் யாரும் கதவைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் திறந்தார்கள்.

தையல்காரர் மூன்று வாரமாக அர்ஜென்டினா டாங்கோ நடன வகுப்புக்குப் போகிறார். "கால் நடக்குது, காது தூங்குது. எட்டுத் தாளத் தட்டுக்கு ஒருதரம் பாட்டு மூச்சு விடும், அங்க நில்லுங்க" என்று ஆசிரியை சொல்லிவிட்டார். அதனால்தான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நடை பழகினார்.

"எட்டாவது அடி அங்கதான் விழுதும்மா, நான் என்ன பண்ண?"

"கண்ணை வேற மூடிக்கிறீங்க!"

நாற்பது வயதுவரை ரேடியோகூடப் போடாத மனிதருக்குத் திடீரென்று இசை கேட்கிறதென்றால் எந்த மனைவி நம்புவாள்? ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு, தங்கள் வாசலிலிருந்து அவளே எண்ணி நடந்தாள். எட்டில் பாட்டு உண்மையாகவே மூச்சு விட்டது. நின்றாள். கண்ணும் தானாக மூடிக்கொண்டது.

அவள் அடி சின்னது. கண்ணைத் திறந்தால் எதிரே தபால்காரர் வீட்டு வாசல். தனிக்கட்டையான அந்த மனிதர் பல் துலக்கியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல்காரர் இடுப்பில் கைவைத்தார். "ஏம்மா, இது எந்த ஊர் நிறுத்தம்?"

மறுவாரம் முதல் இருவரும் சேர்ந்தே வகுப்புக்குப் போனார்கள், ஒருவருக்கொருவர் காவலாக. ஒரு அடிகூட ஆடாத நர்சும் தபால்காரரும்தான் ஆறே மாதத்தில் கல்யாணம் முடித்து வேறு ஊருக்குக் குடிபோனார்கள்.