வெட்டுப்பட்ட முதல் சொல்

இரண்டாயிரமாம் ஆண்டு, வவுனியா நெளுக்குளத்தில் போரால் இடம்பெயர்ந்தோர் முகாமில் எல்லாமே அவசரம்தான். முகாமின் பெயர்ப்பட்டியல் அலுவலகக் கணினியில் இருந்தது. அதில் எதை மாற்றினாலும் என்ன மாற்றம் என்று ஒரு வரி எழுதவேண்டும். கூரைக்குத் தறப்பாள் கேட்பவரும் பால்மா கேட்பவரும் "அவசரம் எண்டு தொடங்குங்கோ" என்று மன்றாடுவார்கள். மாலையில் அந்த வரிகளைச் சுருக்கி வாசல் காவலுக்கு அனுப்பும் குகதாசனுக்கு அது வெறுத்துப்போனது. ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லை வெட்டிவிடும்படி கணினிக்குச் சொல்லிவைத்தான். அது என்ன சொல் என்று பார்க்கச் சொல்லவில்லை. பெரிய கெட்டிக்காரன்!

வரிகளைத் தட்டச்சு செய்த ரஜிதாவும் முகாமில் அடைபட்டவள்தான். அவளுடைய கணவன் சதீஸின் காலில் ஷெல் துண்டு இருந்தது. வவுனியா ஆஸ்பத்திரியில் அதை எடுக்கவிருந்த நேரத்தில், இராணுவக் கட்டுப்பாட்டு எல்லைக்கு அப்பால் துணுக்காய்க்குத் திருப்பி அனுப்பப்படுவோர் பட்டியலில் அவன் பெயர் விழுந்தது. அவள் அழுது கேட்டதில் பொறுப்பதிகாரி மனம் இரங்கினார். ரஜிதா எழுதினாள்: "நிறுத்துக: சதீஸைத் துணுக்காய்க்கு அனுப்புதல்."

மறுநாள் காலை லொறி சதீஸை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஓடிப்போய்க் கேட்டவளிடம் வாசலில் தாளைக் காட்டினார்கள். "சதீஸைத் துணுக்காய்க்கு அனுப்புதல்" என்று அச்சாகியிருந்தது.

அவள் தாளோடு அலுவலகத்துக்கு ஓடினாள். "அண்ணை, நான் நிறுத்தச் சொல்லியெல்லோ எழுதினனான்!"

குகதாசனின் முகம் வெளிறியது. "எல்லாரும் அவசரம் எண்டுதானே தொடங்கிறவை, பிள்ளை. நீர் ஏன் போடேல்லை?"

"என்ர மனுசனுக்கு நானே போட வெக்கமா இருந்தது."

முதல் சொல் 'அவசரம்' என்றிருந்தால் மட்டும் வெட்டு, வேறு எதையும் தொடாதே என்று குகதாசன் திருத்தினான். தேநீர் ஆறுமுன் முடிந்துவிட்ட வேலை அது. ரஜிதாவுக்குத் தன்மீதுதான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"போனவை அங்கயிருந்துதான் புதுசா விண்ணப்பிக்கவேணும்" என்றார் பொறுப்பதிகாரி. "எத்தினை மாதம் எடுக்குமோ தெரியாது. நீங்கள் அங்க போறதெண்டால் மட்டும் இண்டைக்கே எழுதலாம்."

கடைக்குப் போகவே பாஸ் கேட்கும் முகாமில், அந்த ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. ரஜிதா கணினியின் முன்னால் உட்கார்ந்தாள்.

"சேர்க்க: ரஜிதா, துணுக்காய்க்குப் போகும் அடுத்த லொறியில்."

"வேண்டாம் பிள்ளை. போனால் திரும்பி வரேலாது" என்றான் குகதாசன்.

"அந்தக் காலோட அவர் அங்க தனியக் கிடக்க, நான் இஞ்ச இருந்து என்ன செய்ய அண்ணை?"

அன்று மாலைச் சுருக்கத்தில் அவளுடைய வரி ஒரு சொல்லும் குறையாமல் வாசலுக்குப் போனது.