குலுக்கினால் சத்தம் வராத பை

உருண்டு வந்த காரை, பிரசவத்துக்குக் கட்டிய பையால் நிறுத்திய ஒரே பெண்மணி இந்தப் பூமியில் நான்தான். வேறு யாராவது இருந்தால் கையைத் தூக்கட்டும்.

என் வீட்டுக்காரர் கையைத் தூக்கமாட்டார், வாயைத் திறப்பார். "அவ சொல்றது எதுவா இருந்தாலும் பத்தால வகுத்துக்குங்க" என்பார். வந்தவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். ஓய்வுபெறும்வரை எடை மேடையில் லாரிகளை நிறுத்துப் பார்த்தவர். எந்த டிரைவர் எதைச் சொன்னாலும் நம்பாமல், "மேல ஏத்து" என்று சொல்வதற்கே சம்பளம் வாங்கியவர். பால் பொங்குகிறது என்று நான் கத்தினால்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியைத் தேடுவார். என் மேல் மட்டும்தான் சந்தேகம் என்று நினைத்துவிடாதீர்கள். தன் மேலும் அதே அளவு உண்டு. தெருமுனைவரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து, பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்க்கிற ரகம்.

நான் கண்ணாடிச் சாமான் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தவள். நான் கட்டிய பெட்டியை விமானத்திலிருந்து கீழே போட்டாலும் உள்ளே ஒரு தம்ளர் விரிசல் விடாது. சரி, மாடிப்படியிலிருந்து. அவருக்காக வகுத்துவிட்டேன். எங்கள் பிரிவில் ஒரே சட்டம்தான்: பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கு, சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்டு. சாமானை உடைப்பது நடுவில் கிடக்கிற காலி இடம். அந்தக் காலி இடத்தைத் தேடித் தேடி அடைப்பதில் எனக்கிருந்த வெறியைப் பார்த்து, மேனேஜர் முதற்கொண்டு எல்லோரும் என்னை 'இண்டு இடுக்கு அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு மகள் வந்திருக்கும்போது, பையை யார் கட்டுவது என்ற கேள்வியே எழக்கூடாது. எழுந்தது.

"அம்மா, ஒரு சின்னத் துணிப்பை போதும். ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க" என்றாள் மகள்.

"அவங்களுக்கு என்ன தெரியும்? அவங்க பிரசவம்தானே பார்க்கறாங்க, பேக்கிங்கா பார்க்கறாங்க?"

மாப்பிள்ளைக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அவர் கரை ஏறுவதற்கு இன்னும் நாள் இருந்தது. போனில் முகம் பாதி பாதியாக வந்து, "பார்த்துக்குங்க அத்தை" என்று சொல்வதற்குள் நின்றுபோகும். பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள் இரண்டு கிழங்கள். அந்த நினைப்பு வந்தாலே எனக்கு உட்கார முடியாது. எழுந்து போய்ப் பையைத் திறப்பேன். பிளாஸ்க்கின் மூடிக்குள் காலுறை. காலுறைக்குள் சோப்பு. இரவு உடைகளின் மடிப்புக்கு நடுவே குழந்தைக்கான துணிகள், துணிகளுக்கு நடுவே பஞ்சு, எங்காவது விரல் நுழைந்தால் அங்கே இன்னொரு துண்டு. கையை வைத்தால் அமுங்கக் கூடாது. குலுக்கினால் சத்தம் வரக் கூடாது.

நான் கட்டி முடித்து அந்தப் பக்கம் போனதும் மகள் வந்து பிரிப்பாள். அவளுக்கும் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. ஹாலுக்கும் அறைக்கும் நடந்து நடந்து தரையைத் தேய்த்துவிட்டு, கடைசியில் பையின் முன்னால் வந்து நிற்பாள். எதையோ குறைக்கப்போகிறவள் போலத் தொடங்குவாள். முடிவில் அந்தச் சின்னத் தொப்பியைத்தான் எடுப்பாள். தன் முஷ்டியில் மாட்டிப் பார்ப்பாள்.

"இவ்வளவு சின்னதாவா இருக்கும் தலை?"

"நீ பிறந்தப்ப எலுமிச்சம்பழம் மாதிரி இருந்துச்சு உன் தலை."

"பத்தால வகுத்துக்கோம்மா" என்பார் அப்பாக்காரர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"எலுமிச்சையைப் பத்தால வகுத்தா விதைதான்ப்பா வரும்" என்று சிரிப்பாள். சிரிப்பு பாதியில் நிற்கும். தொப்பியை மறுபடி முஷ்டியில் மாட்டுவாள். எல்லாம் நல்லபடியாக நடக்குமா என்று அவள் கேட்கவில்லை, நானும் பதில் சொல்லவில்லை. ஆளுக்கொரு பக்கம் பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தோம். அந்த ஜிப் பட்ட பாடு ஜென்மத்துக்கும் எந்த ஜிப்பும் பட்டிருக்காது.

அவர் தன் பங்குக்குக் கொக்கித் தராசைக் கொண்டுவந்து பையை மாட்டித் தூக்கினார். முகம் சிவந்தது.

"பிள்ளைத்தாய்ச்சியை விடப் பை கனமா இருக்கு. இதுக்குள்ள என்ன, செங்கல்லா?"

"உங்க தராசுக்கும் என் மேல சந்தேகம். இறக்குங்க, தைரியம் இருந்தா குலுக்கிப் பாருங்க."

"குலுக்கினா என் தோள் கழண்டுடும்."

ஒரு நாள் முற்பகல், குக்கரை அடுப்பில் ஏற்றியிருந்தேன். மகள் சமையலறை வாசலில் வந்து நின்று, யாரோ தண்ணீர் கொட்டியதைப் போல, "அம்மா, தரையெல்லாம் ஈரமாயிடுச்சு" என்றாள்.

பனிக்குடம் உடைந்துவிட்டது. வலி அடுத்த நிமிஷமே வந்தது, இல்லை, அதற்கு முந்தின நிமிஷமே.

"பையை விடு! ஒரு துணிப்பையில ரெண்டு துணியை மட்டும் எடு!" என்று கத்திக்கொண்டே அவர் மகளைத் தாங்கிப் பிடித்து வெளியே போனார். எங்கள் தெரு சரிவு. மேலிருந்து கோலிக்குண்டைப் போட்டால் கீழே பெரிய ரோட்டில்தான் போய் எடுக்க வேண்டும். கேட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு மரம். அதன் நிழலில்தான் காரை நிறுத்துவார், மூக்கு பள்ளத்தைப் பார்க்க. மகளைப் பின் சீட்டில் சாய்த்துப் படுக்க வைத்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, அவர் விடச் சொன்ன பையைத்தான் படி படியாக இழுத்துக்கொண்டு இறங்கினேன். கேட்டருகே எதிரே ஓடி வந்தார்.

"கேஸை மூடினியா?"

"மூடிட்டேன்."

"திருகிப் பார்த்தியா?"

"மூடிட்டேங்க! போய் வண்டியில ஏறுங்க!"

நம்புவாரா? என்னைத் தாண்டி உள்ளே ஓடினார்.

நான் தெருவில் கால் வைத்தேன். கார் அசைந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது பாய்ந்து வரவில்லை. ஆள் நடக்கிற வேகம்தான். கடைக்குக் காய் வாங்கப் போகிறவர்கள் நடப்பார்களே, அப்படி. இதைக் கூட்டிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. பின் சீட்டு ஜன்னலில் என் மகளின் முகம், கண்ணை இறுக்க மூடியபடி, உதட்டைக் கடித்தபடி. வலியில் இருந்தவளுக்கு வண்டி நகர்வது தெரியவில்லை. கீழே ரோட்டில் ஒரு பஸ் போனது, அதன் பின்னாலேயே இன்னொன்று.

கத்தினேனா என்று ஞாபகம் இல்லை. பையை இரண்டு கையாலும் இழுத்து முன் சக்கரத்துக்கு முன்னால் தள்ளினேன். கூடவே நானும் விழுந்தேன். சக்கரம் பையைத் தொட்டது, கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே வந்தது. தார் ரோட்டில் பை தேயும் சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. பிறகு அதன் மேல் ஏறப் பார்த்தது. உள்ளே காலி இடம் ஒரு விரற்கடை இருந்திருந்தால் அமுங்கி வழிவிட்டிருக்கும். பை அமுங்கவில்லை. கார் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி பின்னால் சாய்ந்து நின்றது.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மறுபடி உருளுமோ என்று பையைக் கட்டிக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் வெளியே வந்தார். "மூடித்தான் இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இதென்ன, பையைக் கொண்டுவந்து சக்கரத்துக்கடியில போட்டுட்டு உட்கார்ந்திருக்கே?"

"கார் உருண்டுச்சுங்க."

"எப்படி உருளும்? ஹேண்ட் பிரேக் போட்டுட்டுத்தானே இறங்கினேன்!"

"ரெண்டு பேரும் அப்புறமா சண்டை போடுங்க!" என்று உள்ளிருந்து மகள் அலறினாள். "இப்ப வண்டியை எடுங்க!"

அவர் ஏறி உட்கார்ந்தார். கையைக் கீழே விட்டு எதையோ தடவிப் பார்த்தார். பிறகு வண்டியைப் பின்னால் எடுத்தார், நான் பையை உருவிக்கொண்டு ஏறினேன். ஆஸ்பத்திரி வரை வாயே திறக்கவில்லை.

அங்கே நர்ஸ் பையைப் பிரித்தாள். பிளாஸ்க் ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது. சோப்பு மாவாகியிருந்தது. துணிகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி, அப்பளம் மாதிரி வந்தன.

"என்னம்மா, ரோடு ரோலர்லயா இஸ்திரி போட்டீங்க?"

"கார்லம்மா" என்றேன். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அதற்கெல்லாம் நேரமும் இல்லை. பொழுது சாய்வதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். டயரின் கோடுகள் பூப்போலப் பதிந்த துணியில்தான் அவளைச் சுற்றினார்கள். தொப்பி கண்வரை இறங்கியது. மகள் அதை மேலே தள்ளிவிட்டு, தள்ளிவிட்டு, அழுதுகொண்டே சிரித்தாள்.

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நான் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் தெரு கொஞ்சம் செங்குத்தானது, கார் கொஞ்சம் பெரிதானது. ஒரு வாரத்தில் அது அரை கிலோமீட்டர் உருண்டிருந்தது.

"வகுத்துக்குங்க. உருளவே இல்ல. இவதான் பையைத் தவறவிட்டு, மேல விழுந்தா" என்பார் அவர்.

"நீயாவது சொல்லுடி" என்று மகளைக் கேட்டால், "கண்ணை மூடிட்டிருந்தேன்ம்மா, எனக்கெப்படித் தெரியும்?" என்பாள். வேறு எதையும் நம்பாவிட்டால் போகட்டும். அந்த ஒன்றை அவர் நம்பாதது மட்டும் எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாள் வந்தது. கார் அதே மர நிழலில். மகளும் குழந்தையும் பின் சீட்டில். நான் செருப்பைத் தேடிக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் வண்டியை விட்டு இறங்கி உள்ளே வந்தார். கேஸைப் பார்க்கத்தான் என்று நினைத்தேன். பரணிலிருந்து அந்தப் பையை இறக்கினார். பழைய போர்வைகளாகத் திணித்தார். இடுக்கில் விரலை விட்டுப் பார்த்து, தன் துண்டையும் சுருட்டி அடைத்தார். பிறகு முக்கி முனகிக் காதோரம் தூக்கி, குலுக்கிப் பார்த்தார்!

நான் பின்னாலேயே போனேன். பையை முன் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்து, காலால் நன்றாகத் தள்ளி இறுக்கினார்.

"ஏங்க, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கீங்கல்ல?"

"போட்டிருக்கேன்."

"அப்ப எதுக்கு இது?"

அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஏறி உட்கார்ந்ததும் கையை வச்சுப் பார்த்தேன்" என்றார். "பிரேக் கீழ இருந்துச்சு. நான் போடவே இல்ல."

நான் குனிந்து பையைக் கையால் அழுத்திப் பார்த்தேன். அமுங்கவில்லை.

"உருண்டுச்சு" என்றார்.

"எவ்வளவு தூரம்?" என்றேன், விடாமல்.

மரத்தைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். பின் சீட்டில், தொப்பியும் டயர்க்கோலத் துணியுமாகத் தூங்கிக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்தார்.

"நீ சொன்ன தூரம்தான். வகுக்க வேணாம்."