கையால் திருகிய வளையம்

கூடத்தில் நாற்காலி போதவில்லை. யாரோ காரின் பின்சீட்டைத் தூக்கி வந்து சுவரோரம் போட்டிருந்தார்கள். அதில் நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, எதிரே பெட்டிக்குள் படுத்திருந்த அம்மாவைப் பார்த்தபடி, அந்தச் சாவு எப்படி நேர்ந்தது என்று மாமா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பெட்ரோல் நெடிதாங்க. வேற ஒண்ணுமில்ல. மூடின காருக்குள்ள அவ்வளவு நேரம் குனிஞ்சு கிடந்தா யாருக்குத்தான் தாங்கும்?"

தேநீர்த் தட்டோடு வந்த மகள் அப்படியே நின்றாள். காலையில் முதலில் வந்தவரிடம் மாமா சொன்னபோது அது லேசான மயக்கமாக இருந்தது. எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லும்போது நெடி தலைக்கேறியது. இப்போது காரின் கதவுகளும் மூடிக்கொண்டுவிட்டன. இந்த வேகத்தில் போனால் அடக்கத்துக்குப் புறப்படுவதற்குள் அம்மா காருக்குள் தீக்குச்சியும் கிழித்துவிடுவாள்.

"நாலு கதவும் திறந்துதான் இருந்துச்சு மாமா," என்றாள்.

"நீ போய் உக்காரு பாப்பா. நேத்துலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல." சீட்டில் இருந்தவர்களிடம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாவம், பக்கத்துலயே இருந்திருக்கா. அதிர்ச்சி."

நரை தட்டத் தொடங்கிய பாப்பா தட்டை மேசைமேல் வைத்தாள். கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

அம்மாவைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊசியம்மா என்றால்தான் தெரியும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே வர முடியாதவர்கள் வீட்டுக்கு விடியும்போதே போய், வலிக்காமல் ரத்தம் எடுத்து, குழாய்க்குக் குழாய் பேர் ஒட்டி, காரில் கொண்டுவந்து சேர்ப்பாள். எந்த வீட்டுக் கிழவருக்கு எந்தக் கையில் நரம்பு பிடிபடும் என்பது அவளுக்கு மனப்பாடம். அந்த ஓட்டத்துக்கென்று வாங்கிய பழைய கார்தான் இப்போது பக்கத்துச் சந்தில், பின்சீட்டு இல்லாமல், கொலைகாரப் பட்டத்தோடு நின்றது.

கொஞ்ச நாளாகவே கார் சூடேறினால் பாதி வழியில் படுத்துவிடும். பட்டறைக்காரர் பிளக்கை மாற்றினார், வயரை மாற்றினார், கடைசியில் பேச்சை மாற்றினார். "வயசாயிடுச்சுங்க, தள்ளிவிட்டுடுங்க." அம்மா விடவில்லை. ஒருநாள் கார் நின்ற இடத்திலேயே மகளைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, பின்சீட்டுக்கு அடியில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. டேங்குக்குள் உட்கார்ந்து பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் சின்னப் பம்புதான் சாகக் கிடக்கிறது என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். புதுப் பம்பை வரவழைத்து, நேற்று மத்தியானம் வேலையில் இறங்கினாள்.

எப்படி இறங்கினாள் என்று கூட இருந்த மகளுக்குத் தெரியும். முதலில் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டாள், குழாயில் அழுத்தம் மிச்சம் இருக்கக்கூடாதென்று. பிறகு பேட்டரியைக் கழற்றினாள். நெடி போக மின்விசிறி கொண்டுவரட்டுமா என்று மகள் கேட்டதற்கு, "பொறி பறந்தா உன்னையும் என்னையும் சேர்த்து அள்ளணும். கதவைத் திறந்து வை, போதும்," என்றாள். மூடியைச் சுற்றியிருந்த மண்ணைத் தூரிகையால் துடைத்த பிறகே டேங்கைத் திறந்தாள். இரும்புச் சுத்தியல் வேண்டாமென்று, சப்பாத்திக் கட்டையின் முனையை வைத்துத் தட்டித்தான் பூட்டு வளையத்தைத் திருப்பினாள். குழாய்களுக்குக்கூடப் பேர் ஒட்டினாள்: 'போவது', 'திரும்புவது'.

புதுப் பம்பு உள்ளே இறங்கியது. புது ரப்பர் வளையம் உட்கார்ந்தது. வயரைச் செருகினாள். அப்போதுதான் இடது தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வளையத்தைக் கையால மட்டும் திருகியிருக்கேன். இறுக்கல. குழாயும் மாட்டல. நான் வர்ற வரைக்கும் தொடாத. செத்த நேரம் படியில உக்காந்துட்டு வரேன்."

படியில் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் எடுத்துக்கொண்டு மகள் திரும்பி வந்தபோது, சுவரில் சாய்ந்திருந்த தலை சரிந்திருந்தது.

இவ்வளவு ஜாக்கிரதைக்காரியைத்தான் மாமா கூடம் நிறைய ஆள் வைத்துக்கொண்டு கவனமில்லாதவள் ஆக்கிக்கொண்டிருந்தார். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியான அவருக்குப் பேச்சுக்கா பஞ்சம்? அவர் ஏன் இந்தப் பாடு படுகிறார் என்பதும் மகளுக்குத் தெரியாமல் இல்லை. பதினைந்து நாளைக்கு முன்னால் தோள் இழுக்கிறது, நெஞ்சைப் பிசைகிறது என்று அம்மா சொன்னபோது, தனக்குத் தெரிந்த டாக்டரிடம் கூட்டிப்போனவர் மாமாதான்.

"இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம்," என்று காதருகே சொன்னாள் எதிர்வீட்டு அக்கா. "பொணத்தை வச்சுக்கிட்டுச் சண்டை எதுக்கு?"

"பொணத்து மேல பொய்யைப் போத்தறாரே, அது பரவாயில்லையாக்கா?"

அக்கா காலி டம்ளர்களைப் பொறுக்கினாள்.

பெட்டியை ஏற்றிப் போகும் வண்டி தெருமுனையில் வந்து ஒலி எழுப்பியது. வீட்டு முன்கதவு குறுகல். பெட்டியைச் சந்து வழியாகத்தான் எடுக்க வேண்டும். சந்தில் கார். மாமா எழுந்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பட்டறைக்காரரும் பின்னாலேயே போனார். துக்கம் விசாரிக்க வந்தவர், காரை விசாரித்து முடித்திருந்தார். அடக்கம் முடிந்ததும் அவரே இழுத்துப்போவதாகப் பேச்சு. மாமா சரி என்றிருந்தார். மகளை யாரும் கேட்கவில்லை.

சந்து தெருவைப் பார்க்க மேடாக ஏறும். தள்ளிப் பார்க்கலாம் என்று நாலு பேர் கிளம்பினார்கள். வந்தவர்களில் பாதிப்பேருக்கு முழங்கால் வலி, மீதிப்பேருக்கு வெள்ளைச் சட்டை. கார் அசைந்து கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்தது.

மகள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பானட்டை அறைந்து மூடும் சத்தம் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். காரின் கூரையில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கதவு திறந்திருந்தால் எரியும் விளக்கு. நேற்று எல்லாக் கதவும் திறந்திருந்தும் எரியாத விளக்கு.

யாரோ பேட்டரியை மாட்டிவிட்டார்கள்.

செருப்பைத் தேடாமல் ஓடினாள். ஓட்டுநர் இருக்கையில் மாமா. சாவி துவாரத்தில். பட்டறைக்காரர் திறந்த பின்கதவில் சாய்ந்து, "ஒரு குத்து விட்டா எடுத்துக்கும்னு அந்தம்மாவே சொல்லும். நீங்க போடுங்க," என்றார். விரலிடுக்கில் சிகரெட் புகைந்தது.

அவள் உள்ளே கையை விட்டு மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சாவியிலேர்ந்து கைய எடுங்க."

"என்ன பாப்பா இது, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். எடுங்க." பட்டறைக்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, சிகரெட்டோட ரோட்டுக்குப் போங்க. இங்க கீழ போடாதீங்க. அப்புறம் வந்து உள்ள என்ன இருக்குன்னு பாருங்க."

அவர் சலித்துக்கொண்டே போனார், வெறுங்கையோடு திரும்பி வந்தார், சீட்டு இருந்த இடத்தில் விரித்திருந்த துணியை விலக்கினார். டேங்கின் வட்ட வாய். அதன்மேல் புதுப் பம்பின் தலை. இறுகாத வளையம். பக்கத்தில் யாரும் மாட்டாத குழாய், பேர் ஒட்டியபடி. அவர் முகத்தில் இருந்த துக்கம் போய், வேறொன்று வந்தது.

"வயர் மட்டும் மாட்டியிருக்கு. பிடுங்கி வச்சிருந்த ஃபியூஸையும் இப்ப நான் போட்டுட்டேன்," என்றார் மெதுவாக. "சாவி போட்டிருந்தா வண்டி முழுக்கப் பீச்சியிருக்கும்."

"என்னது?" என்றார் மாமா.

"பெட்ரோல்ங்க."

மாமா கையை மடிக்கு எடுத்துக்கொண்டார்.

"எங்கம்மா வேலை செய்யறப்போ பேட்டரி கழட்டியிருந்துச்சு," என்றாள் மகள். சந்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "நாலு கதவும் திறந்திருந்துச்சு. பக்கத்துல யாரும் சிகரெட் பிடிக்கல. கவனமில்லாதவங்க யாருன்னு எல்லாரும் பாத்துக்குங்க."

பெட்டியை ஏற்ற வந்த வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்று நின்றார்.

"இன்னும் நாலு ஆளைக் கூப்பிட்டுத் தள்ளிடலாம்மா," என்றார் பட்டறைக்காரர். "இல்ல, நானே மாட்டிக் குடுத்துடறேன்."

"இத்தனை நாளா எது எதையோ மாத்தினீங்களே, அது போதும்ணே. பேட்டரியையும் ஃபியூஸையும் கழட்டிட்டுத் தள்ளி நில்லுங்க. நான் முடிச்சுட்டு எடுக்கறேன்."

"பெட்டி காத்திருக்கே பாப்பா," என்றார் மாமா.

"இந்த வேலைக்குன்னா அம்மா காத்திருப்பாங்க. நீங்க பின்னாடி வந்து டார்ச் பிடிங்க."

மாமா வந்தார். இஸ்திரி போட்ட கால்சட்டையோடு வெறும் தகரத்தில் மண்டியிட்டு, நேற்று அவள் பிடித்திருந்த அதே கோணத்தில் டார்ச்சைப் பிடித்தார். அவள் ரப்பர் வளையத்தைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தாள், எங்கேயும் பிதுங்கவில்லை. சப்பாத்திக் கட்டையை வைத்துப் பூட்டு வளையத்தைத் தட்டினாள். ஒரு பக்கம் தட்டி, எதிர்ப்பக்கம் தட்டி, கொஞ்சம் கொஞ்சமாக.

"டாக்டர் ஈசிஜி எடுக்கலையா மாமா?" தலை நிமிராமல் கேட்டாள்.

"வாயுன்னு சொல்லிட்டாரு."

"நீங்க சொன்னீங்க. அவர் தலையாட்டினாரு."

டார்ச் வெளிச்சம் டேங்கை விட்டு நகர்ந்து கதவில் விழுந்தது.

"இங்க காட்டுங்க. வந்த அன்னிக்கே அம்மா சொன்னாங்க. தம்பி பேசினான், டாக்டர் தலையாட்டினாரு, நான் நடுவுல மருந்துப்பெட்டி மாதிரி உக்காந்திருந்தேன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க."

"அவரு நல்ல டாக்டர்தான் பாப்பா. அன்னிக்குக் கூட்டம். நான்தான், சும்மா எதுக்கு அலைச்சல்னு..." அதற்குமேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம்.

"அலைச்சல் யாருக்கு?"

மாமா டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். வளையம் அடையாளக் கோட்டில் வந்து நின்றது. 'போவது' என்று ஒட்டியிருந்த குழாயை மாட்டிக் கிளிப்பை அழுத்தினாள். பிறகு 'திரும்புவது'. இரண்டையும் இழுத்துப் பார்த்தாள். பிடி விடவில்லை.

எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு ஃபியூஸைச் செருகினாள். பட்டறைக்காரர் பேட்டரியை மாட்டினார். அவள் சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பினாள். பின்னால், தரைக்கு அடியில், ஒரு சின்ன ரீங்காரம் எழுந்து அடங்கியது. அணைத்தாள். மறுபடி திருப்பினாள். இறங்கிப் போய்க் குழாய் முனைகளைத் துணியால் ஒற்றிப் பார்த்தாள். காய்ந்த துணி. இன்னொரு தடவையும் பார்த்தாள். பிறகுதான் எஞ்சினைப் போட்டாள். குத்து இல்லாமலே பிடித்துக்கொண்டது.

"இதென்னங்க, கல்யாண வண்டி மாதிரி எடுக்குது," என்று வண்டிக்காரர் பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டு, இருக்குமிடம் நினைவு வந்து வாயை மூடிக்கொண்டார்.

அவள் தகரத்தில் கிடந்த நாலு ஸ்க்ரூவையும் பொறுக்கி மாமாவின் உள்ளங்கையில் வைத்தாள். "மூடியோடது. கொஞ்ச தூரம் ஓடினப்புறம் கசியுதான்னு பாத்துட்டுத்தான் இதைப் போடணும். வச்சிருங்க. தொலைச்சுடாதீங்க."

கார் மேடேறித் தெருவுக்குப் போனது. சந்து வழியாகப் பெட்டி வந்தது.

அடக்கத்துக்குப் போகும்போது முன்சீட்டு காலியாக இருந்தும் மாமா பின்னால் ஏறினார். சீட்டில்லாத தகரத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, திருப்பங்களில் அலுங்கிக்கொண்டு வந்தார். அவளுக்குள் இருந்த ஆத்திரம் கொஞ்சமும் இறங்கியிருக்கவில்லை. முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டுமோ அவ்வளவு விட்டு ஓட்டினாள்.

குழியருகே, ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் காத்திருந்தார். அம்மா வாரம் தவறாமல் ரத்தம் எடுக்கப் போகும் வீட்டுக்காரர். முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டிருந்தார், பழக்கதோஷம் போல. மாமாவைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

"பெட்ரோல் நெடி ஏறிடுச்சாமே தம்பி? எல்லாம் தெரிஞ்ச அம்மா, இதுல இப்படி ஏமாந்துட்டாங்களே."

மகள் பின்னால் நின்றாள். மாமாவின் முதுகுதான் தெரிந்தது.

"இல்லீங்க ஐயா," என்றார் மாமா. "நெஞ்சு. ரெண்டு வாரமாச் சொல்லிக்கிட்டிருந்தாங்க."

"யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

பெரியவர் அவரையே பார்த்தார். ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்.

பெட்டி இறங்கியது. மகள் முதலில் மண் போட்டாள். அடுத்து மாமா. குனிந்தவர் அப்படியே நின்றார். வலது கை இறுக மூடியிருந்தது. அதைத் திறந்து, உள்ளங்கையில் பதிந்து கிடந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக இடது கைக்கு மாற்றினார். ஒன்றும் நழுவாதபடி விரல்களை மடக்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மண்ணை அள்ளினார்.