மேடத்தின் ஊக்கு

செவ்வாய்க்கிழமை காலை அருளப்பன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது, அவன் கணினிக்குள் போட்டிருந்த மின்புலம் அறைக்குள் இறங்கியிருந்தது. டம்ளரில் டீ கிழக்கே சாய்ந்திருந்தது. காலண்டரும் சாய்ந்திருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உலோகத் தகட்டின் மேல் ஒரு நீர் மூலக்கூறை வைத்து, மின்புலம் போட்டால் அது எப்படித் திரும்பும் என்று கணக்கிடுவதுதான் அவன் ஆராய்ச்சி. கணக்கில் எல்லாம் ஒரு பெட்டிக்குள் நடக்கும். பக்கத்திலும் அதே பெட்டி, அதற்குப் பக்கத்திலும் அதே பெட்டி. அதனால் பெட்டியின் ஒரு சுவரிலிருந்து ஏறிக்கொண்டே போகும் மின்னழுத்தம் அடுத்த பெட்டி வருவதற்குள் எங்கேயாவது பொத்தென்று விழுந்தாக வேண்டும். விழும் இடத்தை ஆளில்லாத வெற்றிடத்தில் வைப்பார்கள். நம்ம ஆள் சுவரிலிருந்து அளக்க வேண்டியதை நடுவிலிருந்து அளந்து, மூலக்கூறின் தலையிலேயே வைத்துவிட்டான். முடிவே தப்பு என்று நேற்றுதான் கவனித்தான்; இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அவன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான ரெஜினா மேடமோ அந்த முடிவை வைத்து இன்று மத்தியானம் பெரிய கூட்டத்தில் பேசப்போகிறார்.

மின்னழுத்தம் விழும் அந்த இடம் அறையில் மேடத்தின் நாற்காலியில் வந்திருந்தது. அவருடைய இடது பாதி கிழக்கே இழுத்தது, வலது பாதி மேற்கே இழுத்தது. நடுவில் ஓர் ஊக்கு குத்திச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேர்ந்து உடம்பு என்னமோ ஒரு மாதிரி இருக்குப்பா," என்றார். "உன் ரிசல்ட் பிரமாதம். உன் பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன்."

அருளப்பனை வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஒரு நிமிஷம் மேடம்," என்று பக்கத்து அறைக்கு ஓடினான்.

அங்கேயும் டீ கிழக்கே சாய்ந்திருந்தது. ஊக்கு குத்திய மேடம் உட்கார்ந்திருந்தார். அந்த அறையின் அருளப்பன் அடுத்த அறைக்கு ஓடிக்கொண்டிருந்தான். கூனிக் குறுகிய முதுகு. பார்க்கவே சகிக்கவில்லை.

"நில்லுப்பா. நீ சொல்லிடேன்," என்றான் அருளப்பன்.

"நீ சொல்லிடேன்," என்றான் முன்னால் போனவன், தனக்கு முன்னால் போனவனிடம்.

வராண்டா நெடுகக் கதவுகள். ஒருத்தன் வாயைத் திறந்தால் போதும், எல்லோரும் திறந்த மாதிரிதான். அந்த ஒருத்தன் நானாக ஏன் இருக்க வேண்டும் என்று அருளப்பன் காத்திருந்தான். எல்லா அறைகளிலும் அப்படியே காத்திருந்தார்கள்.

அந்த அறை மேடம் நிமிர்ந்து பார்த்தார். "என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல மேடம்."

வராண்டா முழுக்க அது கேட்டது.

மத்தியானம் மேடைப் படியில் ஊக்கு கழன்றது. மேடத்தின் இடது பாதி ஏறிப் போய்ப் பேச ஆரம்பித்தது. கை தட்டினார்கள். வலது பாதி கீழேயே நின்று அருளப்பனைப் பார்த்தது. கோபமே இல்லை. இருந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ஊக்கு எங்கேயோ விழுந்துடுச்சுப்பா," என்றது. "உன் கண்ணுல பட்டுச்சா?"

ஊக்கு அவன் செருப்புக்கு அடியில் இருந்தது.

"இல்ல மேடம்," என்றான்.